மருத்துவ, உயிரியற் சொற்களின் பெயர்க்காரணம்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என நம் இலக்கண ஆசிரியர் இருவகையாகப் பகுத்தனர். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. மண், மரம் போல்வன. ஒரு காரணம் பற்றி வந்தது காரணப் பெயர். பறப்பதனாற் பறவை என்றாயிற்று. இது நன்னூலார் வகுத்த வழி. அவருக்குப் பன்னூறாண்டுகள் முற்பட்ட தொல்காப்பியரோ, சொற்கள் யாவும் பொருளுடையன எனக் கூறியதோடமையாது, ஒரு சொல் ஒரு பொருளைக் குறிக்க வந்த காரணம் பார்த்த அளவிற் புலப்படாது என்றும் உரைத்தார். காரணம் இல்லை என்று அவர் கூறினாரல்லர். வெளிப்படத் தோன்றாது என்றே கூறினார். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் ஆசிரியத் தொழில் புரிவார்க்கு மிகப் பெரிதாகும்.

யான் இருபது ஆண்டுகளாக ஹாலிஎலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் விஞ்ஞானமும் கற்பித்து வருபவன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவனேயன்றி மருத்துவம் கற்றவனல்லன். எனினும் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையால் உயிரியற் பகுதியைக் கற்பிக்கும் பணியும் என்னைச் சார்ந்தது. நிர்ப்பீடனம், இழையுருப்பிரிவு, சதையி, சோணையறை என்னுஞ் சொற்களை மாணாக்கர் மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தும் விடுகின்றனர். அவர்க்கு இவை யாவும் இடுகுறிகளே. உண்மையிலோ இவற்றுள் இடுகுறி ஒன்றேனும் இல்லை. ஹாலிஎல என்னும் ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'எல' என்பது ஓடையைக் குறிக்கும் சிங்களச் சொல் என்பதைத் தானும் அவ்வோடையிற் குளிக்கும் பிள்ளைகளுட் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஊர்ப்பெயருக்கே அந்நிலையாயின் உடலுறுப்புக்களின் பெயர்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

நம் ஊவா மாகாணத்தோடு தொடர்புடைய ஒரு பெயரிலிருந்து தொடங்குவாம். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்த ஒரு நோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து அவ்விலைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பேர்க்கிலி, புறூம் என்னும் அறிஞர் இருவர் அந்நோயை விளைக்கும் பங்கசுக்கு 'எமிலெயா வஸ்தாத்திரிக்ஸ்' எனப் பெயரிட்டனர். 'எமி' என்பது கிரேக்கத்திற் பாதி. 'லெயோஸ்' என்பது வழுவழுப்பு. அப்பங்கசின் வித்தியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பின் அதன் ஒரு பக்கம் முட்போன்ற முனைகளால் கரடுமுரடாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். ஆகவே 'பாதி வழுவழுப்பானது' என்பதே அப்பெயரின் முதற்பகுதி உணர்த்தும் பொருள். 'வஸ்தாத்திரிக்ஸ்' என்பது இலத்தீன். பாழாக்குபவள் எனப் பெண்பாலாற் கூறியது. பெயரிட்டவர் இருவரும் இந்நாட்டுக் கோப்பிக்கு நேரப்போகும் முடிவை அந்நாளில் முற்றும் அறிந்திருத்தல் இயலாது. ஆயினும் இரு பதின்மங்களுக்குள் அப்பெயர் தன் காரணத்தை மெய்ப்பித்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, நம்மவர் வாழ்வு தேயிலையோடு பிணைந்தது. தோட்டத் துரைமார் இக்கிரேக்கப் பெயர் வாயில் நுழையாமையால் அதனைப் 'பாழாக்கும் எமிலி' எனத் தம் நாட்டு மங்கை ஒருத்தியின் பெயராக மாற்றி வழங்கினர் என்பர். கல்லார் மட்டுமல்லர், கற்ற துரைமாரும் காரணந் தெரியாவிடின் தமக்குத் தெரிந்ததொரு காரணத்தைப் படைத்துக்கொள்வர் என்பதற்கு இஃதொரு சான்று.

என் வகுப்பிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. மலேரியா என்னும் பெயர் வந்த காரணம் யாதென வினவியபோது, மலையேறி வந்தவர்களுக்கு வருங் காய்ச்சலாதலின் மலேரியா ஆயிற்று என ஒரு மாணவன் எழுதியிருந்தான். யான் நகைத்தேனாயினும் அவனுக்குச் சில புள்ளிகள் அளித்தேன். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலைநாடு சேர்ந்த நம் முன்னோர் பலரை அக்காய்ச்சல் வழியிலேயே பற்றியது உண்மையன்றோ? எனினும் நோயின் இருப்பிடம் மலையன்று. அவர்கள் கடந்து வந்த தாழ்நிலமே. சொல்லோ இத்தாலிய மொழியினது. 'மாலா' என்பது கெட்ட. 'ஆரியா' என்பது காற்று. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அந்நாட்டார் நம்பினர். 1897இல் செக்கந்தராபாத்தில் இறொனால்ட் இறொஸ் நுளம்பின் உடலில் அந்நோய்க் கிருமியைக் கண்டு உண்மையை வெளிப்படுத்தினார். காற்றின் மேலிருந்த பழி நீங்கியது. பெயர் மட்டும் நீங்கவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றதும், 2016இல் இந்நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியதும் அப்பிழைபட்ட பெயருடைய நோயே. பெயர்க்காரணம் உண்மைக் காரணமாக இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. அக்காலத்தார் எதனை உண்மையென நம்பினர் என்பதையே பெயர் காட்டும்.

இவ்வாறே பிழையைச் சுமந்து நிற்கும் மற்றொரு சொல் 'ஆட்டரி' என ஆங்கிலர் வழங்குவது. கிரேக்கர் 'ஆர்த்தீரியா' என்பதை முதலில் மூச்சுக்குழாய்க்கே வழங்கினர். இறந்தோர் உடலை அறுத்து நோக்கியபோது சில குழாய்களிற் குருதி இல்லாமை கண்டு அவையும் காற்றைக் கொண்டு செல்வனவே எனக் கருதி அதே பெயரை அவற்றுக்கும் இட்டனர். உயிருள்ள போது அவற்றிற் குருதியே ஓடுகிறது எனக் கேலன் பின்னர்க் காட்டினார். தமிழில் இவ்விடர் இல்லை. நாடி என்பது குழாயையும் குறிக்கும். கைபிடித்துப் பார்க்கும் துடிப்பையும் குறிக்கும். இலங்கைப் பாடநூல்கள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வதை நாடி எனவும், இதயத்துக்குக் கொண்டு வருவதை நாளம் எனவும் வரையறை செய்தன. தமிழகத்தார் இவற்றைத் தமனி, சிரை என்பர். எம் பிள்ளைகளுக்கு நாடி எளிது; லயத்துக் கிழவியும் நாடி பிடித்துப் பார்ப்பதை அவர்கள் கண்டிருக்கின்றனர்.

மேனாட்டு மருத்துவச் சொற்கள் பெரும் புலமையிற் பிறந்தவை என்னும் மயக்கம் நம்மவர்க்கு உண்டு. அம்மயக்கத்தைப் போக்குதல் வேண்டியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். தசையைக் குறிக்கும் 'மசில்' என்பதன் மூலம் யாது? இலத்தீனிற் சிறிய எலி. ஒரு மாணவனை முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தோலுக்கடியில் எலியொன்று ஓடி ஒளிவதை வகுப்பு முழுவதும் காணும். கழுத்தடியிலுள்ள எலும்பின் இலத்தீன் பெயர் சிறு திறவுகோல் எனப் பொருள்படும். நம்மவரோ அதனைக் காறையெலும்பு என்றனர்; காறை என்னும் கழுத்தணி தங்கும் இடமாதலின். ஒரே எலும்பைப் பார்த்து உரோமானியன் கதவையும் தமிழன் நகையையும் நினைத்தான்! முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்குக் குழல் எனப் பெயர். விலங்குகளின் அவ்வெலும்பைத் துளைத்து ஊதிய காலத்தின் எச்சம் அது. முள்ளந்தண்டின் கடைக்கோடியிலுள்ள சிற்றெலும்பு குயிலினத்துப் பறவையின் அலகு போல் வளைந்திருத்தலின் கிரேக்கர் அதற்கு அப்பறவையின் பெயரை இட்டனர். நம் கலைச்சொல்லாளர் அதனைக் குயிலலகு எனப் பெயர்த்தமை போற்றத்தக்கது. வாலெலும்பு எனச் சொல்லியும் முடித்திருக்கலாம். ஆயின் பெயரிட்டவன் கண்ட காட்சி நமக்குக் கிட்டாது போயிருக்கும். கத்திகொண்டு உடலை அறுத்துக் குணமாக்கும் கலையின் ஆங்கிலப் பெயர்க்கும் கிரேக்க மூலத்திற் 'கைவேலை' என்பதே பொருள். கொல்லனும் தச்சனும் செய்வதும் கைவேலையே.

கண்ணைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். கண்ணின் நடுவிலுள்ள கருந்துளைக்கு இலத்தீனில் 'பூப்பில்லா' எனப் பெயர். சிறிய பொம்மை என்பது பொருள். கிரேக்கர் அதனைச் சிறுமி என்னும் பொருளுள்ள சொல்லால் வழங்கினர். ஒருவர் கண்ணை மற்றொருவர் அணுகி நோக்குங்கால் நோக்குபவரின் உருவம் அத்துளையில் மிகச் சிறிய பொம்மைபோலத் தோன்றுவதே காரணம். தமிழிலும் அதற்குப் பாவை எனப் பெயருண்டு, பாவையாவது பொம்மை. திருவள்ளுவர் காமத்துப்பாலிற் காதலியைத் தன் கண்மணியினுள் வைக்கும் தலைவன் அங்கே முன்பே குடியிருக்கும் பாவையை விலகிப் போகுமாறு வேண்டுவதாக அமைத்த அழகைக் கற்றோர் அறிவர். உரோமானியர் தமிழரிடம் கற்றனரோ, தமிழர் உரோமானியரிடம் கற்றனரோ என ஆராயப் புகுவது வீண். இரு தாய்மார் தத்தம் குழந்தையின் கண்ணை அணுகிப் பார்த்தனர். இருவரும் ஒன்றையே கண்டனர். அவ்வளவே. வகுப்பில் அடுத்தடுத்திருக்கும் மாணவர் இருவரை ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கச் செய்து யான் இதனைக் கற்பித்த ஆண்டிலே, அவ்வினாவுக்குத் தவறாக விடை எழுதியவர் எவருமிலர்.

இதயத்தின் மேலறைகளை ஆங்கிலர் நெடுங்காலம் 'ஓரிக்கிள்' என வழங்கினர். சிறு காது என்பது அதன் மூலப்பொருள்; அவ்வறையின் புறத்தே காதுமடல்போலத் தொங்கும் பகுதி உண்டு. இலங்கைக் கலைச்சொல்லாளர் இதற்குச் சோணையறை என்னும் பெயரைத் தந்தனர். காதிலே தோடு அணியும் தொங்கு சதையைக் காதுச்சோணை என்று யாழ்ப்பாணத்திற் கூறுவர். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அச்சொல் பழக்கமின்று. ஆதலின் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் காரணப்பெயராய் நிற்பது எம் பிள்ளைக்கு இடுகுறியாய்ப் போகிறது. ஒருமுறை காதைத் தொட்டுக் காட்டினாற் போதும். ஆனால் தொட்டுக் காட்டுவார் வேண்டுமே! மேனாட்டு நூல்கள் இப்பொழுது அவ்வறையை, உரோமர் வீட்டின் நடுமுற்றத்தைக் குறித்த 'ஏத்திரியம்' என்னும் சொல்லாற் பெரிதும் வழங்குகின்றன. நம் சோணை மாறவில்லை.

உயிரியலில் உள்ள சொற்கள் நெசவுக்கும் அடுப்படிக்கும் உரியவை. 1665இல் இறொபேட்டு ஹூக் தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் நோக்கி, துறவியர் மடத்துச் சிற்றறைகள் போன்றவற்றைக் கண்டு, சிற்றறை எனப் பொருள்படும் 'செல்' என்னும் பெயரை இட்டார். தமிழகத்தார் அவ்வொலியையே கொண்டனர். நாம் கலம் என்றோம். கலமாவது பாத்திரம். இஃது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பன்று என்று குறை கூறுவாரைக் கேட்டிருக்கிறேன். அவர் ஒன்றை மறந்தனர். கலத்தைக் குறிக்க மேனாட்டார் தம் கூட்டுச்சொற்களில் எடுத்தாளுவது 'கூதோஸ்' என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருள் உட்குழிவான பாத்திரமே. கலத்தினுள்ளிருக்கும் பொருளைக் குழியவுரு என நாம் வழங்குவதும் அக்குழிவைக் கருதியே. ஆதலின் நம் கலம் ஆங்கிலரின் சிற்றறையினும் கிரேக்கரின் பாத்திரத்துக்கே அணித்தானது என்பது என் துணிபு.

கலங்கள் பல கூடியதற்குப் பிரெஞ்சு மொழியில் நெய்யப்பட்டது எனப் பொருள்படும் சொல்லை இட்டனர். இழையம் என நாம் கூறுவது அதன் நேர் வடிவம். கலம் பிரியுங்கால் நூலிழை போன்றவை தோன்றுதலின் 'மைத்தோசிஸ்'. 'மிதோஸ்' என்பது நூல். நாம் கூறுவது இழையுருப்பிரிவு. இழைபோலவும் மணிபோலவும் தோன்றும் நுண்ணுறுப்பு இழைமணி. சாயத்தை எளிதில் ஏற்று நிறங்கொள்வதாற் 'குரோமசோம்', அதாவது நிறவுடல். நாம் நிறமூர்த்தம் என்றோம். தறியும் நூலும் சாயத்தொட்டியும் கண்ட எவர்க்கும் இவை விளங்கும். ஐரோப்பாவின் பேரறிஞரும் புதியதைக் கண்டவிடத்துத் தம் வீட்டிலிருந்த பொருளையே நினைத்துப் பெயரிட்டனர் என்பதை மாணாக்கர் உணரின், அச்சொற்களிடம் அவர்க்குள்ள அச்சம் அகலும்.

தமிழில் இவ்வாறு பெயரிடும் பணியை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் மேற்கொண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்திய அவர், இடையே சில ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து, மீண்டும் 1862இல் வந்து 1873 வரை தங்கினார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணாக்கர் துணையோடு அவர் பெயர்த்தும் தழுவியும் வெளியிட்ட நூல்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டன. 1867இல் வந்தது இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இற் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம். தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும் வரை அப்பணியை அவர் விட்டாரல்லர்.

அவர் நூற்பெயர்கள் நான்குமே சொல்லாக்கத்தின் நான்கு வழிகளைக் காட்டுவன. இரணம் என்பது புண். பொதுமக்கள் வாயில் அன்றும் இன்றும் உள்ள சொல். அங்காதிபாதம் என்பது, பாதாதிகேசம் முதலான சொற்களைக் கேட்டுப் பழகிய செவிக்குப் புதியதன்று. உடலை உறுப்புறுப்பாக விரித்துரைக்கும் நூல் எனப் பொருள் கொள்ளலாம். கெமிஸ்தம் என்பது ஆங்கில ஒலிக்குத் தமிழ் ஈறு கொடுத்தது. சுகரணம் என்பது வடமொழியைக் கொண்டு புதிதாகக் கட்டியது. உறுப்புக்களின் செவ்வனே நடைபெறும் தொழிலைக் குறித்தது. இவற்றுள் இரணம் மட்டுமே இன்று மக்கள் வழக்கிலுள்ளது. அங்காதிபாதத்தின் இடத்தை உடலமைப்பியலும், சுகரணத்தின் இடத்தை உடற்றொழிலியலும், கெமிஸ்தத்தின் இடத்தை இரசாயனவியலும் கொண்டன. கிறீன் தோற்றார் எனக் கூறுவது நன்றியின்மையாகும். 1870இற் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க உத்தியோகமும் ஆங்கிலத்தின் பின்னே சென்றது. கிறீனின் சொற்களைப் பயில்வார் அருகினர். பயில்வாரற்ற சொல் எவ்வளவு நன்றாக ஆக்கப்படினும் வாழ்வதில்லை. எனினும் சுகரணம் என்னுஞ் சொல் வாழ்ந்திருப்பினும் அது மானிப்பாயின் உழவனுக்கு விளங்கியிருக்கும் என்று யான் கருதவில்லை. அவனுக்கு அது கிரேக்கத்தைப் போன்றே தூரமானது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறி மேற்செல்வாம். 1916இற் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களுக்கெனவே ஒரு சங்கத்தை நிறுவினர். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு நம் மட்டக்களப்புத் தந்த விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். இன்று ஹாலிஎலையில் யான் கற்பிக்கும் சொற்கள் பெரும்பாலும் அவர்கள் தந்தவையே. அவற்றை ஆக்கியோர் காரணமின்றி எதனையும் ஆக்கவில்லை. ஆனால் சொல்லை அச்சிட்டனர். காரணத்தைப் பாடநூலில் அச்சிட மறந்தனர். என் ஒரே முறைப்பாடு அதுதான்.

எடுத்துக்காட்டாக நிர்ப்பீடனம் என்பதைக் கொள்வோம். நாவுக்குக் கடினமான சொல். எம் மாணாக்கர் அதனைப் பலவாறு திரித்து எழுதுவர். ஆயின் பீடை என்னுஞ் சொல்லை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? பீடை பிடித்தது, பீடை தொலைந்தது என்று நாள்தோறும் கேட்பவர் அவர். பீடனம் என்பது அதன் உறவு. நிர் என்பது இல்லை என்பதைக் குறிக்கும். பீடை அணுகாத நிலையே நிர்ப்பீடனம். ஆங்கிலச் சொல்லின் மூலமோ வரி விலக்கு! உரோமில் அரசுக்கு ஊழியமும் வரியும் செய்யக் கடமைப்படாதவனைக் குறித்த சொல், நோய்க்குக் கடமைப்படாதவனைக் குறிக்கலாயிற்று. தடுப்பு மருந்தின் மேனாட்டுப் பெயர் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. ஜென்னர் 1798இல் வெளியிட்ட நூலிற் கூறியவாறு, பசுவின் அம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுத்தமையால். என் பாட்டனார் மண்டபம் முகாமில் அம்மை குத்திக்கொண்டு கடல் கடந்தவர். அவர் புயத்திலிருந்த வட்டத் தழும்பை நாங்கள் சிறுவராயிருந்தபோது எண்ணி விளையாடியதுண்டு. அவர் அதனை 'அம்மைப்பால் குத்தினது' என்றே சொல்வார். எழுத்தறியாத அவர் வாயிற் பெயரும் காரணமும் ஒருங்கே இருந்தன.

சோகை நோயைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பாடநூல் குருதிச்சோகை என்கிறது. மருந்துச்சாலையில் 'அனீமியா' என எழுதிக் கொடுப்பர். அக்கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'அன்' இல்லை, 'ஐமா' குருதி. கொழுந்து பறிக்கும் பெண், "ஒடம்புல ரத்தமே இல்லைங்க டாக்டரையா" என்று கூறுமிடத்து அவள் அறியாமலே தூய கிரேக்கம் பேசுகிறாள். தோட்டங்களில் இச்சோகைக்கு ஒரு காலத்தில் முதன்மையான காரணமாய் இருந்தது கொளுக்கிப்புழு. அதன் கிரேக்கப் பெயருக்கு வளைந்த வாய் என்பது பொருள். அவ்வளைந்த வாயாற் குடலின் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். புழுவின் குஞ்சோ மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிராக இறொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் 1916இல் இயக்கமொன்று தொடங்கிற்று. புழுவின் பெயரை விளக்கினால் நோயின் வழி விளங்கும். வழி விளங்கினால் மலகூடத்துக்கும் காலணிக்கும் உள்ள தேவை தானே விளங்கும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நீரிழிவு என்னுஞ் சொல்லை வகுப்பிற் பன்முறை விளக்கியிருக்கிறேன். 'தயபீற்றிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஊடே கடந்து செல்வது என்பது பொருள். குடித்த நீரெல்லாம் தங்காது ஒழுகிப் போதல் பற்றி இப்பெயர் வந்தது. நீர் இழிதலாகிய நீரிழிவும் அதே காட்சியிற் பிறந்ததே. சிறுநீரின் இனிமை கருதிப் பின்னாளில் மேனாட்டார் தேன் என்னும் அடைமொழியை அதற்குச் சேர்த்தனர். இந்திய மருத்துவ நூல்களோ மிகப் பழங்காலத்திலேயே மதுமேகம் என்றன. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த யான், வீட்டிலே என் அன்னையாருக்கு ஒன்றேனும் கூறினேனல்லேன்.

முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்த அவருக்கு 'சீனி வருத்தம்' என்று கூறினர். சீனி வருத்தம் எளிய சொல். காரணமும் வெளிப்படையாகத் தோன்றுவது. அவ்வெளிமையே தீங்காயிற்று. அவர் அன்றே தேத்தண்ணீரிற் சீனியை நிறுத்திவிட்டார். கோதுமை மா ரொட்டியை மட்டும் முன்போலவே காலையில் நாலும் மாலையில் மூன்றுமாக உண்டு வந்தார். காலில் ஒரு புண் வந்து ஆறாது நின்று, இறுதியில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. "சீனியத்தான் நான் தொடுறதே இல்லையே தம்பி, அப்புறம் எப்படி இந்த வருத்தம் கூடுது?" என அவர் என்னைக் கேட்டபோது யான் விடை கூற நாணினேன். மாப்பொருள் உடலினுள்ளே குளுக்கோசாக மாறுகிறது என்பது யான் தரம் ஒன்பதில் ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடம். தொலைவிலுள்ள சொல் மட்டுமன்று, மிக அணுகிய சொல்லும் காரணத்தை அரைகுறையாகக் காட்டி ஏமாற்றும் என்பதை அன்று கண்டேன். சீனி என்பது அவருக்குக் கடையில் நிறுத்து வாங்கும் சீனி. மருத்துவருக்குக் குருதியில் ஓடும் சீனி. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

அன்று மாலை அவர் முன்னே ஒரு ரொட்டித் துண்டை வைத்து, நெடுநேரம் மென்று பார்க்குமாறு வேண்டினேன். "கொஞ்சம் இனிக்குதே" என்றார். வாயிலேயே அது சீனியாகத் தொடங்கிவிட்டது என்றேன். மேலும் வினவினார். வயிற்றினுள் இரைப்பையின் பின்னே ஓர் உறுப்பு உண்டு. கிரேக்கர் அதனை எலும்பின்றி முழுதும் சதையாயிருத்தல் நோக்கி 'எல்லாம் சதை' என்னும் பொருளில் 'பங்கிரியாஸ்' என்றனர். நாமும் சதை என்பதிலிருந்தே சதையி என்கிறோம் என விளக்கினேன். அச்சதையினுள் சிறுசிறு திட்டுக்களாகக் கிடக்கும் கலங்களை 1869இல், மடுல்சீமையிற் கோப்பிநோய் காணப்பட்ட அதே ஆண்டில், லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் கண்டார். கடலிலே தீவுகள்போல அவை கிடத்தலின் சிறுதீவுகள் எனப் பெயர் பெற்றன. 1921இற் கனடாவின் தொரொன்றோ நகரிற் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் அத்தீவுகளிலிருந்து ஊறும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்னும் இலத்தீன் சொல்லால் அதற்கு இன்சுலின் என்று பெயர்.

அன்னையார் தாம் நாளும் ஏற்றிக்கொள்ளும் ஊசிமருந்தின் சிறு போத்தலை எடுத்து விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தார். "அப்படின்னா நம்ம வயித்துக்குள்ளயும் ஒரு சிலோன் இருக்கு, அதுல விளைச்சல் இல்லாமப் போச்சு, அதான வருத்தம்?" என்று வினவினார். யான் இத்தனை ஆண்டுகளாகக் கற்பித்தவற்றுள் இதனினும் சிறந்த விளக்கத்தை எந்த மாணாக்கரிடமும் பெற்றதில்லை. அதன்பின் காலையில் நாலாயிருந்த ரொட்டி ஒன்றாயிற்று. அம்மருந்தைத் 'தீவு மருந்து' என்றே அவர் இன்றும் கூறி வருகிறார்.